கைகாட்டி விழும் வரை

என் வயதுக்காரரே, உங்களில் எத்தனை பேருக்கு இப்போது குனிந்து தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடிகிறது? எனக்கு முடியவில்லை. சீனி வருத்தம் வந்தபிறகு தினமும் காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். மகள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். நான் கட்டிலில் இருந்தபடி வலது காலைத் தூக்கி அதன்மேல் பிடிக்கிறேன். பிடித்ததும், வேறொரு பிள்ளையின் விரல்கள் அந்தக் காலைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ தரம் முழங்காலில் இருந்திருக்கிறேன்; இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் சுவாமியார் சிரிப்பார் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

மன்னார்த் தீவின் நடுவில், கோச்சி என்கிற ரயில் நிற்கிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. பள்ளிக்கூட மைதானத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் உடைமரங்கள்தான் வேலி. மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மணல், அதன்மேல் நெருஞ்சி, மணலுக்குள் புதைந்து கிடக்கும் உடைமுள், நடுவில் தங்கள் பாட்டுக்கு நிற்கும் நாலைந்து கழுதைகள். நாங்கள் எல்லோரும் வெறுங்கால். சப்பாத்து என்பது கோயிலில் முதல்முதல் புதுநன்மை வாங்குகிற நாளில் போட்டுக் கழற்றுகிற சாமான்.

அங்கே பெண்பிள்ளைகள் விளையாடியது றவுண்டர்ஸ். பனைமட்டையில் சீவிய துடுப்பால் பந்தை அடித்துவிட்டு, சதுரமாக நட்ட நாலு கட்டைகளையும் தொட்டுக்கொண்டு ஓடி வந்தால் ஒரு சுற்று. அடித்த பந்தைப் பிடித்தாலும், ஓடுகிறவள் போய்ச் சேருமுன் பந்து அந்தக் கட்டையில் பட்டாலும் அவள் வெளியே. பந்து என் அப்பா தைத்துத் தந்தது. அப்பாவுக்கு வள்ளங்களுக்குப் பாய் தைக்கிற தொழில். பழைய ரப்பர்ப் பந்து ஒன்றின்மேல் தேங்காய்த் தும்பைச் சுற்றி, மிச்சமான பாய்ச்சீலையை இழுத்து, மெழுகு பூசிய நூலால் தைத்துத் தந்தார். கையில் எடுத்தால் உப்பும் மெழுகும் மணக்கும். மேலே பட்டாலும் நோகாது. அந்த மணம் இன்றைக்கும் எனக்கு ஞாபகமிருக்கிறது. பந்துக்கு என்ன நடந்தது என்றுதான் தெரியாது.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது முள் குத்தினால் அவள் கையைத் தூக்கி "முள்" என்பாள். அதோடு எல்லாம் நிற்கும். பந்து நிற்கும், ஓடுகிறவள் நிற்கும், முள் வெளியே வந்தபிறகுதான் ஆட்டம். எப்படிப்பட்ட முள், எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கக்கூடாது. விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். நாங்கள் அதை என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடம் அந்த வருஷம் பெண்பிள்ளைகளுக்கு றவுண்டர்ஸ் போட்டி வைத்தது. தீவிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் மட்டும் வரலாம் என்று கடிதம் வந்தது. போட்டிபோட எங்கள் பள்ளிக்கூடமும், தலைமன்னார்ப் பக்கம் கப்பல்துறையான பியருக்குக் கிட்ட இருந்த ஒரு பள்ளிக்கூடமும்தான். மற்றப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் என்றால் பாதை என்கிற மிதவையில் கடல் கடக்கலாம், ஐஸ்கிறீம் குடிக்கலாம். எனக்கு அது அக்கா. போட்டி வைத்த அந்த மடத்தில்தான் அக்கா கன்னியாஸ்திரியாவதற்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். போய் இரண்டு வருஷம். ஆரம்ப காலத்தில் வீட்டு ஆட்கள் போய்ப் பார்க்கக்கூடாது என்பது அந்த மடத்துச் சட்டம். அவள் படுத்த பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடினாள். நான் போனால் அக்காவைக் கண்டுவிடலாம். அதைத் தவிர எனக்கு வேறு ஒரு நினைப்பும் இருக்கவில்லை.

பியர்ப் பிள்ளைகள் சனிக்கிழமை மத்தியானக் கோச்சியில் வந்து, பின்னேரக் கோச்சியில் திரும்ப வேண்டும். அதை விட்டால் அடுத்த நாள்தான். ஆகவே சிஸ்டரும், அவர்களோடு வந்த டீச்சரும் முதலே பேசி வைத்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு ஆட்டம். மைதானத்திலிருந்து தெரிகிற தண்டவாளக் கைகாட்டி விழுந்தால் கோச்சி கிட்டிவிட்டது என்று அர்த்தம். அதோடு விளையாட்டு முடிவு. இரண்டாவது ஆட்டம் அதற்குள் முடியாவிட்டால் அது கணக்கில் இல்லை. முதல் ஆட்டத்தில் கூடுதலாக எடுத்தவர்களுக்கே வெற்றி. எவ்வளவு நியாயமாகக் கேட்கிறது, பாருங்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

முதல் ஆட்டத்தில் நாங்கள் எட்டுச் சுற்று, அவர்கள் ஆறு. இரண்டாவதில் நாங்கள் நாலோடு விழுந்துவிட்டோம். மொத்தம் பன்னிரண்டு. அவர்கள் பதின்மூன்றாவதை எடுத்தால் அவர்கள் யாழ்ப்பாணம் போவார்கள். அவர்களுடைய கடைசி ஆட்டம் தொடங்க முன் சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு வட்டமாக நிற்க வைத்தார். என் தோளில் கை வைத்து, மெல்லச் சொன்னார்.

"பிள்ளையள், அவசரப்படாதேங்கோ. நேரம் எங்கட பக்கம்."

அவ்வளவுதான் சொன்னார். பொய் சொல்லு என்று சொல்லவில்லை, களவு செய் என்று சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அது போதும். வலது பக்கம் நின்றவளுக்குத் திடீரென்று பின்னல் அவிழ்ந்தது. றிபனை வாயில் கவ்விக்கொண்டு ஆறுதலாகப் பின்னினாள். தூரத்தில் நின்றவள் ஒரு கழுதையைத் துரத்தப் போனாள். துரத்திய துரத்தலில் வெளியே நின்ற இரண்டு கழுதைகளும் உள்ளே வந்துவிட்டன. பந்தை எடுக்கப் போனவர்கள் கல்லறைக்குப் பூவைக்கப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். பிறகு என் வகுப்புக்காரி ஒருத்தி முதல் தரம் "முள்" என்று கையைத் தூக்கினாள். இன்னொருத்தி இரண்டாந்தரம். பியர் டீச்சர் கைமணிக்கூட்டைப் பார்த்துவிட்டு சிஸ்டரைப் பார்த்தார். முள்ளென்றால் முள்ளுத்தானே டீச்சர், என்ன செய்ய, என்று சிஸ்டர் சிரித்தார்.

அவர்கள் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். கறுத்து மெலிந்த பிள்ளை. வெள்ளைச் சட்டையின் கழுத்தில் பொத்தான் இல்லை, ஊசி குத்தியிருந்தாள். அவர்கள் எடுத்த சுற்றுகளில் பாதி அவள் எடுத்தது. கூட வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக வெளியே போக, கடைசியில் அவள் மட்டும் நின்றாள். அப்போது அவர்களுக்குப் பதினொன்று. கடைசியாக நிற்பவள் தொடர்ந்து அடிக்கலாம் என்பது விதி. பந்து போடுகிறவள் நான்.

நான் போட்ட பந்தை அவள் உடைமரத்துக்குள் அடித்தாள். முதல் கட்டையைத் தொட்டாள். இரண்டாவது கட்டைக்குக் கிட்ட வரும்போது அவளுடைய கால் ஒரு தரம் மடங்கியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். குத்திவிட்டது என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. அவள் குனிந்து இடது காலைப் பார்த்தாள். நிமிர்ந்து கைகாட்டியைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. மூன்றாவது கட்டைக்கும் நாலாவதுக்கும் குதிக்காலை மட்டும் ஊன்றி ஓடி வந்து தொட்டாள். பன்னிரண்டு. இன்னும் ஒன்று வேண்டும்.

பந்து என் கைக்கு வந்தது. அவள் துடுப்பை எடுத்துக்கொண்டு, இடது காலின் முன்பாதி மணலில் படாமல் நின்றாள். அவள் இன்னொரு தரம் அடித்தால் எங்களால் தடுக்க முடியாது. அக்காவின் முகத்தை நான் நினைத்தேன். பிறகு கையைத் தூக்கி "முள்" என்று சொல்லிவிட்டு அப்படியே மணலில் இருந்தேன். வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத உள்ளங்காலை நகத்தால் நோண்டத் தொடங்கினேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் துடுப்பைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். வந்து முழங்காலில் இருந்தாள். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து ஊசியைக் கழற்றினாள்.

"எங்க குத்தினது? காட்டும் பாப்பம்."

நான் ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் விரலை எச்சிலில் நனைத்து அந்த இடத்து மணலைத் துடைத்தாள். ஊசி முனையால் மெல்ல நெருடினாள். நோகுதோ என்று கேட்டாள். ஓம் என்றேன். இன்னும் மெல்லத் தேடினாள். அவள் முழங்காலில் இருந்ததால் அவளுடைய கால் பின்னால் மடிந்து, உள்ளங்கால் மேலே திரும்பியிருந்தது. உடைமுள் முறிந்து உள்ளே நிற்கிற கறுப்புப் புள்ளி எனக்குத் தெரிந்தது. சுற்றிவர இரத்தமும் மணலும்.

உமது காலிலும் முள் நிற்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. இன்னும் கொஞ்சம் நேரம்தான் போயிருக்கும், அதுதானே எனக்கும் வேண்டியிருந்தது. சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என் காலில் ஒன்றுமில்லை என்பது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். என் முகத்தைப் பார்த்து அவள், வலியில் வாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"உள்ளுக்குப் போட்டுது போல கிடக்கு. அழாதையும்."

கம்பி இழுபட்டுக் கைகாட்டி விழுந்தது. எங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பியர் டீச்சர் வந்த கோபத்தை அவள் மேல் காட்டினார். துடுப்பை விட்டுவிட்டு உன்னை யார் வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டது, கண்ணுக்கு முன்னால் வெற்றியைக் கொடுத்துவிட்டாய் என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார். அவள் ஊசியைத் திரும்பக் கழுத்தில் குத்திக்கொண்டாள். கோச்சியைப் பிடிக்க எல்லோரும் ஓடினார்கள். அவள் கடைசியாக, பாதத்தின் ஓரத்தால் ஓடினாள். வீட்டுக்குப் போய் மஞ்சள் வைத்துக் கட்டும்படி என்னிடம் திரும்பிச் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை சிஸ்டர் எல்லோருக்கும் முன்னால், இந்தப் பிள்ளைகள் கையால் மட்டுமல்ல, புத்தியாலும் விளையாடினார்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் காது சூடேறியது. வெட்கமா பெருமையா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சிஸ்டரை நான் வெகுகாலம் மனதுக்குள் குற்றவாளியாக வைத்திருந்தேன். இப்போது கணக்குப் பார்த்தால் அவருக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். தாய்க்குச் சுகமில்லை என்று கடிதம் வந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். நினைத்தபடி வீட்டுக்குப் போக அவரால் முடியாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் போகிற வழியில் பார்க்கலாம். அவரும் என்னைப் போல் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். அதனால் என் பங்கு குறைந்துவிடவில்லை. சிஸ்டர் நேரத்தைப் பற்றித்தான் சொன்னார். காலைத் தூக்கி மடியில் வைத்தது நான்.

யாழ்ப்பாணம் போனோம். விடிய வெளிக்கிட்ட பஸ், இலுப்பைக்கடவையில் தேத்தண்ணிக்கு நின்றது. சங்குப்பிட்டியில் பாதை வரும்வரை வெயிலில் காத்திருந்தோம். பஸ்ஸோடு நாங்களும் தண்ணீருக்கு மேலே போனபோது சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் சத்தியெடுத்தார்கள். போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. அங்கே புல் போட்ட மைதானம், முள்ளே இல்லை.

அக்காவைப் பார்க்க எனக்குக் கால் மணித்தியாலம் தந்தார்கள். மெழுகு மணக்கும் ஓர் அறை, இரண்டு கதிரை. பொறுப்பான மதர் கூடவே வந்து, மன்னாரில் மழையா, பங்குச் சுவாமியார் சுகமா, அப்பாவின் தொழில் எப்படி என்று என்னிடம் விசாரித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷி, அன்பாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்லிச் சொல்லிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் போனபோது ஐந்து நிமிஷம் மிச்சமிருந்தது. வெள்ளை முக்காட்டுக்குள் அக்காவின் முகம் சின்னதாகப் போயிருந்தது. அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். பிறகு, எப்படி வென்று வந்தீர்கள் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டிக்காரி என்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். சிறுவயதில் என் களவுகளுக்கெல்லாம் சிரித்தவள் அவள்.

அவள் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையிட பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. கேட்கவேயில்லை. பேர் தெரியாவிட்டால் எப்படி அவளுக்காகச் செபிப்பது என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. அவள் எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் சட்டமோ என்னவோ, பார்க்கவில்லை. அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் அவ்வளவும் செய்தேன்.

திரும்பி வந்து ஒரு கிழமை இருக்கும். சின்னம்மாவுக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருந்தது. அம்மாவோடு பார்க்கப் போனேன். புதுநன்மைச் சப்பாத்து கடித்தாலும் பரவாயில்லை, டவுனுக்குப் போகிறோம் என்று போட்டுக்கொண்டு போனேன். அம்மா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தபோது நான் விறாந்தையால் நடந்தேன். அடுத்த வாட்டில், ஜன்னலோரக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். இடது கால் கணுக்கால் வரை சீலை சுற்றித் தலையணைமேல் இருந்தது. நான் ஒளிக்கப் பார்த்தேன். அதற்குள் கண்டு கையைக் காட்டிவிட்டாள்.

பக்கத்தில் அவளுடைய தாய். கருவாட்டு வாடியில் வேலை செய்கிற மனுஷி. உப்பு கையெல்லாம் வெடிக்க வைத்திருந்தது. முள் ஏறிப் பத்து நாளாய் மூச்சுவிடவில்லை, காய்ச்சல் வந்து விழுந்தபிறகுதான் தெரியும், இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் சொல்லி அழுதாள். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் மணலில் நடக்க வேண்டும், இனி எப்படி அனுப்புவது என்றாள். தாயின் கோபம் முழுக்க மகள் மேல். முள்ளுக் குத்தினால் முள் என்று சொல்ல ஒரு வாய் இல்லையா, டீச்சரும் அதைத்தான் கேட்கிறா என்றாள்.

"சொல்லியிருந்தா நேரம் போயிருக்கும் அம்மா," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உம்மட முள்ளு வந்திட்டுதோ?"

நான் தலையாட்டினேன். அவள் தாயிடம், இவவின் காலில்தான் நான் தேடியும் முள் கிடைக்கவில்லை என்று சொன்னாள். தாய் உடனே பயந்துபோனாள். கிடைக்காத முள் உள்ளே நின்றால் இந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆகும், சப்பாத்தைக் கழற்று என்றாள். வேண்டாம் என்றேன். விடவில்லை. கட்டிலோரத்தில் இருத்திவிட்டு, தானே கீழே குந்தினாள்.

"காட்டு பிள்ளை. ஆஸ்பத்திரியிலதானே நிக்கிறம், சீழ் வைச்சிருந்தா டொக்டரிட்ட காட்டலாம்."

நான் சப்பாத்தைக் கழற்றி இடது காலைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கால் மாறிப்போனது தெரிந்தது. தாய் அதைத் தன் வெடித்த கைகளுக்குள் வைத்து, பெருவிரலால் குதியிலிருந்து விரல்வரை அமர்த்தி அமர்த்திப் பார்த்தாள். ஒவ்வொரு இடத்திலும் நோகுதோ என்று கேட்டாள். பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒரு வடுக்கூட இல்ல. மாதா காப்பாத்திப் போட்டா."

மகள் என் இடது காலைப் பார்த்தாள். அன்றைக்கு மணலிலும் வெயிலிலும் அவள் மடியில் வைத்துத் தேடியது வலது கால். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அது விளங்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் சீவியத்தில் அப்படி ஒரு வெட்கத்தை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. தாயிடம் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். தாய் ஏசினால், அடித்தால், அது ஒரு முடிவு.

அவள் போர்வையை இழுத்துத் தன் காலை மூடினாள்.

"ஓம் அம்மா," என்றாள். "விடுங்கோ, அவ சப்பாத்தைப் போடட்டும்."